டர்ரெட் பிரஸ் மக்கர் பண்ணுதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

இன்றைய எபிசோட் ஒரு நேயர் அனுப்பின மெயிலுக்குப் பதில். டெக்சாஸில் இருக்கிற ஒரு தம்பி எழுதியிருக்கார். சுருக்கமா விஷயம் இதுதான்: "அண்ணா, என்னோட நாலு துளை டர்ரெட் பிரஸ்ல 9 எம்எம் தோட்டா லோடு பண்ணிட்டிருந்தேன். நடுவுல ரெண்டு மூணு தடவை தலை சரியா திரும்பலை. கையாலேயே தள்ளி ஓட்டிட்டேன். இப்போ 50 தோட்டா பெட்டியில இருக்கு. ஒண்ணொண்ணா எடை போட்டுப் பார்த்தா எதுல மருந்து இல்லைன்னு கண்டுபிடிச்சிடலாமா?"

தம்பி, கண்டுபிடிக்க முடியாது. அந்த 50-ஐயும் சுட வேண்டாம். ஏன்னு கடைசியில கணக்கோட சொல்றேன். முதல்ல அந்தத் தலை ஏன் திரும்பாம போச்சு, பிரஸ்ஸை எப்படிச் சரி பண்றதுன்னு பார்ப்போம்.

ஆரம்பிக்கும் முன்னாடி இரண்டு விஷயம். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு லோடு பண்ண மத்திய அரசு லைசென்ஸ் தேவையில்லை; விற்கிறதுன்னா லைசென்ஸ் வேணும். மாநிலச் சட்டத்தை நீங்களே பார்த்துக்கோங்க. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கிறது குற்றம். அங்கேயிருந்து கேட்கிறவங்க இதை ஒரு மெஷின் பாடமா மட்டும் கேளுங்க. ரெண்டாவது, எந்த மருந்து எத்தனை கிரெயின் போடணும்னு நான் சொல்ல மாட்டேன். அதுக்கு அச்சிட்ட லோடிங் மேனுவல் இருக்கு. என் வாயிலிருந்தோ வேற யார் வாயிலிருந்தோ அந்த எண்ணை எடுத்துக்காதீங்க.

டர்ரெட் பிரஸ் எப்படி வேலை செய்யுது?

புதுசா கேட்கிறவங்களுக்காக. சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ல ஒரே ஒரு டை. நூறு உறைக்கும் முதல் வேலையை முடிச்சிட்டு, டையைக் கழற்றி அடுத்த டையை மாட்டுவோம். புரோகிரசிவ்ல ஒரே நேரத்தில் நாலைந்து உறை உள்ளே சுத்திட்டே இருக்கும். டர்ரெட் இந்த இரண்டுக்கும் நடுவில். டைகள் எல்லாம் மேலே ஒரு வட்டத் தலையில் மாட்டியிருக்கும். உறை ஒண்ணுதான், அது ஷெல் ஹோல்டரில் நிற்கும். தலைதான் சுத்தி வரும்.

ரெட்டிங் டி-7 மாதிரி ஏழு துளை, லைமனோட எட்டு துளை மாடல் இதெல்லாம் கையால திருப்புற ரகம். நம்ம தம்பிகிட்ட இருக்கிறது தானா திரும்புற ரகம். தலையிலிருந்து கீழே ஒரு முறுக்கின சதுரக் கம்பி இறங்கும். ரேமோட சேர்ந்து போய்வர்ற ஒரு சின்ன பிளாஸ்டிக் ராட்செட் அந்தக் கம்பியைப் பிடிச்சிருக்கும். மேலும் கீழும் போற அசைவு சுத்துற அசைவா மாறுது. ஒரு முழு ஸ்ட்ரோக்குக்கு கால் வட்டம்.

9 எம்எம்முக்கு வழக்கமான வரிசை இது. முதல் துளையில் பழைய பிரைமர் வெளியே போகும், உறை பழைய அளவுக்குச் சுருங்கும், புது பிரைமர் உள்ளே போகும். இரண்டாவதில் வாய் கொஞ்சம் விரியும், மருந்து விழும். மூன்றாவதில் குண்டு அமரும். நான்காவதில் கிரிம்ப். இந்த வரிசையை மனசில வச்சுக்கோங்க.

தலை திரும்பலைன்னா

தலை பாதியில நிக்குது, இல்லைன்னா ஒரு இடத்தைத் தாண்டிப் போகுதுன்னா உடனே ராட்செட்டை வாங்கப் போகாதீங்க. முதல்ல மருந்து, பிரைமர், உறை எல்லாத்தையும் பிரஸ்ஸிலிருந்து எடுத்திடுங்க. வெறும் மெஷினா வச்சு இருபது தடவை லீவரை ஓட்டிப் பாருங்க. வெறும் ஓட்டத்தில் ஒழுங்கா திரும்பினா கோளாறு மெஷின்ல இல்லை, நாம ஓட்டுற விதத்துல இருக்கு. வெறும் ஓட்டத்திலும் தகராறு பண்ணினா மெஷினைப் பார்க்கணும்.

ஓட்டுற விதம்னா என்ன? பெரும்பாலும் லீவரை முழுசா கொண்டுபோகாம பாதியில திருப்புறதுதான். முழு ஸ்ட்ரோக் இல்லைன்னா கால் வட்டம் முழுசா வராது. இன்னும் மோசம், நடு வழியில திசையை மாத்தினா அந்த ராட்செட்டோட சதுர ஓரம் தேய்ஞ்சிடும். வேகமா அடிச்சு ஓட்டினா தலை நிக்க வேண்டிய இடத்தைத் தாண்டும். நிதானமா, கடைசி வரைக்கும், ஒரே வேகத்தில் ஓட்டுங்க. கையால திருப்ப வேண்டி வந்தா அது எந்தப் பக்கம் லேசா போகுதோ அந்தப் பக்கம் மட்டும். எதிர்ப்பக்கம் நெம்பினா ராட்செட்தான் போகும்.

மெஷின் பக்கம்னா மூணு இடம் பாருங்க. ஒண்ணு, தலை உட்காருற வளையம். சிந்தின மருந்துத் தூளும் பழைய கிரீஸும் சேர்ந்து அங்கே பசை மாதிரி ஆகியிருக்கும். துடைச்சிட்டு மெல்லிசா புது கிரீஸ் தடவுங்க. ரெண்டு, தலையை நிறுத்துற குண்டுமணியும் ஸ்பிரிங்கும். அந்தப் பள்ளத்துல அழுக்கு இருந்தா 'டக்'னு உட்காராது. மூணாவதாத்தான் ராட்செட். கழற்றிப் பார்த்தா சதுரத் துளையோட மூலை வட்டமா தேய்ஞ்சிருக்கும். அது தேய்மானத்துக்குன்னே செஞ்ச மலிவான உருப்படி. கம்பி கெடாம இருக்க அது கெட்டுக்கும். இரண்டு எக்ஸ்ட்ரா வாங்கி டிராயர்ல போட்டு வைங்க.

இப்போ முக்கியமான விஷயம். தலை திரும்பாம போறது வெறும் எரிச்சல் மட்டும் இல்லை. மருந்து போடுற துளையைத் தாண்டிப் போயிட்டா அந்த உறையில் மருந்தே இல்லை. மருந்து போட்ட பிறகு தலை திரும்பாம அதே இடத்தில நின்னு, நீங்க மறுபடி லீவரை இழுத்தா இரண்டாவது முறையும் மருந்து விழும். அதனால ஒரே விதி: ஓட்டத்தில் எந்தத் தடங்கல் வந்தாலும், அந்த உறையை வெளியே எடு, உள்ளே இருக்கிறதைக் கொட்டு, மருந்து கட்டத்துக்கு முதலிலிருந்து வா. "ஏற்கனவே விழுந்திருக்கும்னு நினைக்கிறேன்" என்கிற வாக்கியத்துக்கு இந்த மேஜையில இடம் கிடையாது.

தலை ஆட்டம் கொடுக்குது

அடுத்து நிறைய பேர் கேட்கிறது: "தலையைக் கையால தூக்கினா கொஞ்சம் ஆடுது, இது டிஃபெக்ட்டா?" இல்லை. சுத்தற உருப்படின்னா கொஞ்சம் இடைவெளி இருந்தே ஆகணும். ரேம் மேலே வந்து அழுத்தும்போது அந்த ஆட்டம் முழுக்க மேல்பக்கம் போய் நின்னிடும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நின்னா அளவு மாறாது.

பிரச்சினை எங்கே வருதுன்னா, ஆட்டத்தைக் கணக்கில எடுக்காம டையை செட் பண்ணும்போது. வெறும் ஷெல் ஹோல்டரை மேலே கொண்டுவந்து, டை தொடுற மாதிரி வச்சு, லாக் ரிங்கை இறுக்கிடுவாங்க. நிஜ உறையை உள்ளே விட்டு அழுத்தும்போது தலை ஒரு மயிரிழை மேலே போகும், டைக்கும் ஷெல் ஹோல்டருக்கும் நடுவில் இடைவெளி விழும். உறை அடிப்பாகம் வரைக்கும் சுருங்காது. அதனால உறையை உள்ளே வச்சு, லீவரை முழுசா இழுத்துப் பிடிச்ச நிலையில, பின்பக்கம் ஒரு டார்ச் வச்சுப் பாருங்க. வெளிச்சம் தெரிஞ்சா டையை இன்னும் கொஞ்சம் இறக்குங்க. அழுத்தம் இருக்கும்போதே லாக் ரிங்கை இறுக்குங்க. கார்பைடு டைன்னா லேசா தொட்டா போதும். ஓங்கி அழுத்தினா அந்த வளையம் விரிசல் விட்டுடும். கார்பைடு கடினமானது, ஆனா நொறுங்கும்.

எவ்வளவு திருப்பணும்னு கேட்டா, அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. வழக்கமான டைகளோட மரை அங்குலத்துக்கு 14. ஒரு முழுச் சுற்று அங்குலத்தில் 14-ல் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 0.071. கால் சுற்று 0.018. அரைக்கால் சுற்று, அதாவது எட்டில் ஒரு பங்கு, 0.009. குத்துமதிப்பா திருகுறதை விட்டுட்டு, டை தலையில ஒரு மார்க்கர் கோடு போட்டு எட்டில் ஒரு பங்கா நகர்த்துங்க. ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்துங்க. இரண்டை மாத்தினா எது சரி பண்ணுச்சுன்னே தெரியாது.

பின் வளையுது, பிரைமர் துருத்துது

பழைய பிரைமரைத் தள்ளுற பின் உடைஞ்சா உறைக்குள்ள எட்டிப் பாருங்க. நடுவில் ஒரே துளைன்னா பாக்ஸர் ரகம், நமக்கு வேண்டியது. இரண்டு சின்னத் துளைன்னா பெர்டன் ரகம். அதில் பின் இறங்க வழியே இல்லை, உடையத்தான் செய்யும். ரேஞ்சில் பொறுக்கின உறைகளோட கலந்து வரும்.

புது பிரைமர் முழுசா இறங்காம துருத்திட்டு நிக்குதுன்னா, குழியில் கரி இருக்கு, இல்லைன்னா அது ராணுவ உறை; குழியோட விளிம்பை உள்பக்கமா அடிச்சிருப்பாங்க. அந்த விளிம்பை எடுக்காம பிரைமர் போகாது. அழுத்தம் அதிகமா தெரிஞ்சா லீவரை விடுங்க, முட்டாதீங்க. ஒவ்வொரு உறையின் அடியிலும் விரலை ஓட்டிப் பாருங்க. பிரைமர் சமமா, இல்லை ஒரு மயிரிழை உள்ளே இருக்கணும். லோடு முடிஞ்ச தோட்டாவில் துருத்துற பிரைமரை மறுபடி அழுத்தவே கூடாது. கையில ஒரு தோட்டாவைப் பிடிச்சுக்கிட்டு அதோட பிரைமரைக் குத்துறதுக்குச் சமம் அது.

மருந்து அளவு நிலையா இல்லை

மருந்து அளவி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி விடுதுன்னா, முதல்ல சந்தேகப்பட வேண்டியது தராசை. 1 கிரெயின்னா கிட்டத்தட்ட 65 மில்லிகிராம். 0.1 கிரெயின் ஆறரை மில்லிகிராம். இவ்வளவு சின்ன எடைக்கு ஏசி காற்று பட்டாலே எலக்ட்ரானிக் தராசு ஆடும். ஆன் பண்ணி சூடாக விடுங்க, ஃபேனை நிறுத்துங்க, போனைத் தள்ளி வைங்க, செக் வெயிட் வச்சுப் பாருங்க. தராசு சரின்னு தெரிஞ்ச பிறகுதான் அளவியைத் தொடணும்.

அளவியில் மருந்தை நிரப்பினதும் அது கொஞ்சம் அமரணும். பத்து தடவை விட்டு, அதைத் திரும்ப மேலே கொட்டிட்டு, அப்புறம் எடை போடுங்க. குச்சி குச்சியா இருக்கிற மருந்து வாயில குறுக்கே நின்னு பாலம் கட்டிக்கும். அடுத்த உறையில மொத்தமா விழும். ஹாப்பர் கால்வாசிக்குக் கீழே போக விடாதீங்க. அசைவு ஒரே மாதிரி இருக்கட்டும்.

ஆனா எத்தனை எடை போட்டாலும் கண்ணுக்கு ஈடு இல்லை. பிரஸ்ஸுக்குள்ள விழுற மாதிரி ஒரு சின்ன எல்இடி விளக்கைக் கட்டுங்க. குண்டை உறை வாயில் வைக்கிறதுக்கு முன்னாடி உள்ளே பாருங்க. ஒவ்வொரு உறையும். டர்ரெட்டோட பெரிய வசதியே இதுதான்: உறை ஒண்ணுதான், அது கண்ணுக்கு நேரே நிக்குது. மேனுவலில் உங்க குண்டுக்குப் பல மருந்து கொடுத்திருந்தா, பாதிக்கு மேல நிரம்புற மாதிரி பருமனான மருந்தைத் தேர்ந்தெடுங்க. இரண்டு முறை விழுந்தா வழிஞ்சு வெளியே வந்து தானே காட்டிக் கொடுக்கும். வேகமா எரியற மருந்து கொஞ்சமாத்தான் போடுவோம். அது இரட்டையா விழுந்தாலும் 9 எம்எம் உறைக்குள்ளேயே அடங்கி அமைதியா உட்கார்ந்திருக்கலாம்.

நீளம் மாறுது, குண்டு உள்ளே போகுது

மூன்றாவது துளையில் தோட்டாவோட மொத்த நீளம் ஒண்ணுக்கொண்ணு மாறுதுன்னா, டையைக் கழற்றி உள் தண்டைப் பாருங்க. ஈயக் குண்டோட மெழுகு அங்கே அப்பிக்கிட்டே வரும். அடுத்து, பல கம்பெனி உறைகளைக் கலந்திருக்கீங்களான்னு பாருங்க. சில ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் மாறுறது சகஜம். அமெரிக்காவில் 1926-லிருந்து இந்த அளவுகளை வகுக்கிற அமைப்பு, சாம்மின்னு சுருக்கமா சொல்வாங்க, 9 எம்எம்முக்கு அதிகபட்ச நீளம் 1.169 அங்குலம்னு வச்சிருக்கு. அது எல்லைக்கோடு மட்டும்தான். உங்க குண்டுக்கு மேனுவல் என்ன நீளம் சொல்லுதோ அதுதான் உங்க நீளம்.

நான்காவது துளை கிரிம்ப். இங்கேதான் பலபேர் "கெட்டியா இருக்கட்டும்"னு இறுக்குவாங்க. 9 எம்எம் உறை, துப்பாக்கி அறையில் தன் வாய் விளிம்பை முட்டித்தான் நிக்குது. அந்த விளிம்பை உள்ளே சுருட்டினா நிக்க இடம் இருக்காது. அதனால டேப்பர் கிரிம்ப். நாம விரிச்ச வாயை நேராக்கினா போதும், வாய் விட்டம் 0.380 அங்குலத்துக்கு மிகாம. அதிகமா நெரிச்சா குண்டு சப்பிடும், பித்தளை மட்டும் திரும்ப விரியும், பிடி தளர்ந்திடும். வாயை உள்ளே சுருட்டுறது .38 ஸ்பெஷல், .357 மேக்னம் மாதிரி ரிவால்வர் தோட்டாக்களுக்கு. அதுங்க அடி விளிம்புல நிக்கும், குண்டுலயும் அதுக்குப் பள்ளம் இருக்கும்.

பிடி சரியான்னு பார்க்க நீளத்தை அளந்துட்டு, தோட்டாவோட மூக்கை மர மேஜையில கட்டை விரலால அழுத்துங்க. மறுபடி அளங்க. குண்டு உள்ளே போயிருந்தா அந்தத் தோட்டா வேண்டாம். உள்ளே இடம் குறைஞ்சா அழுத்தம் கண்டபடி ஏறும். கடைசியா, துப்பாக்கியோட பேரலைக் கழற்றி அதில் தோட்டாவைப் போடுங்க. 'டொப்'னு விழணும், கவிழ்த்தா தானா வெளியே வரணும்.

அந்த 50 தோட்டா

இப்போ தம்பியோட கேள்வி. கணக்குப் போடுவோம். 9 எம்எம்மில் 115 கிரெயின் குண்டு, சுமார் 60 கிரெயின் உறை, மூணு நாலு கிரெயின் பிரைமர். இதில் மருந்து எவ்வளவு? பல லோடுகளில் நாலைந்து கிரெயின்தான். கலப்பு உறைகள் ஒண்ணுக்கொண்ணு மூணு நாலு கிரெயின் சாதாரணமா மாறும். குண்டும் கொஞ்சம் மாறும். நீங்க தேடுற வித்தியாசமும், ஏற்கனவே இருக்கிற வித்தியாசமும் ஒரே அளவு. கனமான உறையில மருந்தே இல்லாத தோட்டா, லேசான உறையில சரியான மருந்து இருக்கிற தோட்டா, இரண்டும் தராசில் ஒரே எண்ணைக் காட்டலாம். காதருகே ஆட்டிப் பார்த்தும் நம்பிச் சொல்ல முடியாது.

மருந்தில்லாத தோட்டா ஆபத்தில்லைன்னு நினைக்காதீங்க. பிரைமரோட வேகமே குண்டைத் தள்ளி பேரல் நடுவில் சிக்க வைக்கப் போதும். வழக்கமான சத்தம் வராது, 'பொத்'துன்னு ஒரு சத்தம். அப்படிக் கேட்டா துப்பாக்கியை இலக்குப் பக்கமே பிடிச்சு அரை நிமிஷம் பொறுத்து, தோட்டாவை எல்லாம் எடுத்துட்டு, பேரலில் கம்பி விட்டுப் பார்க்கணும். பார்க்காம அடுத்ததைச் சுட்டா அது அடைச்ச குழாயில வெடிக்குது. பேரல் வீங்கலாம், பிளக்கலாம். விரலும் கண்ணும் போகலாம். பக்கத்து லேன்ல நிக்கிறவருக்கும்தான்.

அதனால சுத்தியல் மாதிரி ஒரு புல்லட் புல்லர் வாங்கிக்கோங்க, விலை அதிகமில்லை. கண்ணாடி போட்டுக்கிட்டு, 50-ஐயும் தட்டிப் பிரிங்க. குண்டு, உறை, பிரைமர் திரும்பக் கிடைக்கும். மருந்தை மட்டும் சேமிக்காதீங்க. எதிலிருந்து எவ்வளவு விழுந்ததுன்னு தெரியாது. ஒரு சாயங்காலம் போகும், அவ்வளவுதான்.

பிரிச்சு முடிச்சதும் இந்தப் பழக்கங்களைப் பிடிச்சுக்கோங்க. மேஜையில ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பா. உட்காரும் முன் பிரஸ்ஸின் போல்ட், லாக் ரிங் எல்லாம் இறுக்கமான்னு ஒரு தொடல். முதல் ஐந்தையும் முழுசா அளவு பாருங்க, அப்புறம் பத்துக்கு ஒன்று எடை. யாராவது கூப்பிட்டா கையில இருக்கிற உறையை முடிச்சிட்டு எழுந்திருங்க. பாதியில எழுந்தா வந்ததும் அதைக் கொட்டிட்டு ஆரம்பிங்க. டிவி வேண்டாம், சிகரெட் வேண்டாம், தூக்கம் வந்தா லோடிங்கும் வேண்டாம். முடிச்சதும் கையை சோப்பு போட்டுக் கழுவுங்க. ஈயமும் பிரைமர் கரியும் கையில இருக்கும், அதோட குழந்தையைத் தூக்கக் கூடாது.

தம்பி, பிரிக்கும்போது எத்தனை உறை காலியா இருந்துச்சு, எத்தனையில இரட்டை மருந்து இருந்துச்சுன்னு எண்ணி எழுதுங்க. பூஜ்யமா இருந்தா சந்தோஷம். ஒண்ணு இருந்தாலும் அந்தச் சாயங்காலம் வீண் இல்லை. அடுத்த எபிசோடில் பித்தளை உறைகளை எப்படிப் பிரிச்சு, கழுவி, விரிசல் பார்க்கிறதுன்னு பேசுவோம். அதுவரைக்கும் பத்திரமா இருங்க.